நகக்கண் அளவு நீலம்

தனபாலனின் கழுத்தில் பசையைத் தடவுகிறேன்.
"குளிருதே டாக்டர்" என்கிறார்.
நான் டாக்டர் இல்லை, படம் எடுப்பவள்.
நாளைக்கு இருபது முறை சொல்வதில்
இது பதினான்காவது.

வேலை?
"வடிகால் இலாகா. கட்டுப்பாட்டு அறை.
கிள்ளானும் கோம்பாக்கும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
தண்ணீர் எத்தனை மீட்டர் என்று பார்ப்பது.
ஏறினால் சுரங்கத்துக்குத் திருப்பச் சொல்வது.
அவ்வளவுதான்."
அவ்வளவுதான் என்கிறவரின் இடது கை
ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்
கோப்பிக் கோப்பையைப் பிடிக்க மறுத்திருக்கிறது.

கருவியை வைத்து ஒலியைத் திறக்கிறேன்.
உஷ். உஷ். உஷ்.
அறை முழுக்க அவருடைய இரத்தம்.
வலப்பக்கம், கிளை பிரியும் இடம் தாண்டியதும்
உஷ் சீறலாகிறது, சீறல் கீச்சிடுகிறது.
முகம் மாறாமலிருக்கப் பழகியவள் நான்.
அவரோ கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறார்:
"பாலத்தூணுக்கு நடுவில் குப்பை அடைத்தால்
இப்படித்தான் கத்தும்.
எத்தனை சதவீதம்?"

எழுபது, என்கிறது திரை.
மருத்துவர்தான் சொல்வார், என்கிறேன் நான்.

"சரி, வேகத்தை மட்டும் சொல்லுங்கள்.
மீதியை நானே போட்டுக்கொள்கிறேன்."

வந்தது போயாக வேண்டும்;
வழி குறுகினால் ஓட்டம் கூடியாக வேண்டும்.
அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு
பத்தொன்பது மழைக்காலம்
ஒரு நகரத்தின் கணுக்காலுக்குக் கீழே
தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்.
அதே வரிக்குத்தான் எனக்கு
மாதம் மூவாயிரத்துச் சொச்சம் ரிங்கிட்.

திரையில் சிவப்பு, மூளைக்குப் போவது.
குழாய் சற்றே புடைத்த இடத்தில், ஓரமாய்,
நகக்கண் அளவு நீலம்: திரும்பி வருவது.
பயிற்சிக் காலத்தில் அதைக் கருவியின் கோளாறு என்று
மூன்று முறை அழித்து எடுத்தேன்.
கோளாறில்லை, எல்லார் கழுத்திலும் உண்டு என்றார்கள்.
மனப்பாடம் செய்தேன்.
நம்பினேனா, தெரியாது.

"அங்கேதான் வண்டல் படியும்" என்கிறார் தனபாலன்,
தலையைத் தூக்கிப் பார்த்து, நான் அதட்டுமுன்.
"ஓடுகிற தண்ணீர் கரையைக் கழுவிவிடும்.
தயங்குகிற தண்ணீர்தான்
எதையாவது போட்டுவிட்டுப் போகும்.
நாங்கள் வருடத்துக்கு இரண்டு முறை தூர் வாருவோம்.
நீங்கள்?"
எங்களிடமும் ஆள் இருக்கிறது, என்கிறேன்.
சிரித்தால் படம் கலைகிறது.
சிரிக்காதீர்கள், என்று அதையும் சொல்கிறேன்.

நாலு மணிக்கு வானம் உடைகிறது.
மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் ரயில் வர ஏழு நிமிடம்.
கம்பியோரம் நின்று கீழே பார்க்கிறேன்.
ஊரிலுள்ள லோங்காங் அத்தனையும் ஒப்படைத்ததை
வாங்கிக்கொண்டு, சிமெண்டுக் கரைகளுக்குள்
தோளை ஒடுக்கி ஓடுகிறது ஆறு.
ஒரு தூணுக்குப் பின்னால்
மூடி கழன்ற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று
எதிர்த்துப் போகிறது.
ஆறு கடலுக்கு, பாட்டில் மலைக்கு.
ஓரடி ஏறித் தூணை முட்டி,
ஓரத்து வேகத்தில் மாட்டி இறங்கி,
சுழன்று, மறுபடி ஏறுகிறது.

பதினோரு வருடமாய்
கண்ணுக்கு நேரே வைத்திருந்த நீலம்.

இந்தச் சுழலுக்கும் சமன்பாடு இருக்கிறதாம்.
எழுதிவைத்து இருநூறு வருடம் ஆகப்போகிறது,
முழுதாய் விடுவித்தவர் யாருமில்லையாம்.
விடை வரட்டும் என்று மழை காத்திருக்கவில்லை,
மதகும் காத்திருக்கவில்லை.
வியாழன் காலை ஒரு பெண் மருத்துவர்
அரைகுறைக் கணக்கோடும் நல்ல வெளிச்சத்தோடும்
தனபாலனின் கழுத்தைத் திறப்பார்.
அவரோ இந்நேரம் ஆறாவது மாடிக் கட்டிலிலிருந்து
கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு
"எத்தனை மீட்டர்?" என்று
யாருடைய உயிரையோ வாங்கிக்கொண்டிருப்பார்.

ரயில் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போகிறது.
பாட்டில் இன்னும் தூணை விட்டு நழுவவில்லை.
இரண்டு விரல்
எப்போது என் கழுத்துக்குப் போனதென்று
தெரியவில்லை.