ஓவர்

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே
ஒழுகும் மாடி அறையைக் காலி செய்கிறோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவருக்கு
எட்டுச் சாக்கு காகிதம்.
தனக்கென்று அவர் கேட்டது
வெலிங்டனில் கொடுத்த இரும்புப் பெட்டி மட்டும்.

நான் பி.ஏ.
ஐந்து வருடம் மனுக்களில் தேதி முத்திரை குத்தியவள்.
அவைக் குறிப்பேட்டைப் புரட்டுகிறேன்.
ஹவில்தார் ஜோகிராஜின் கன்னிப்பேச்சு, மூன்று நிமிடம்:

"பச்சைத்தேயிலை கிலோ ஒன்பது ரூபாய்.
உரத்துக்கு, பறித்தவளுக்கு, லாரிக்கு,
தராசு சொல்லும் பொய்க்கு,
எல்லாம் அந்த ஒன்பதுக்குள்தான்.
மாண்புமிகு அமைச்சர் வழி சொல்ல வேண்டும்.
ஓவர்."

அடைப்புக்குறிக்குள்: சிரிப்பு.

மறுநாளிலிருந்து டானிங்டன் டீக்கடையில்
அவர் பெயரே ஓவர்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.
பதினெட்டு வருடம் சிக்னல் படை,
பனிக்குழிக்குள் காதில் இயர்போனோடு.
"ஓவர்னா முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லம்மா.
நான் பேசிட்டேன், இனி நீ பேசு,
கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்.
முடிஞ்சா அவுட்.
ரெண்டையும் சேர்த்துச் சொல்றவன் சினிமாக்காரன்."

அமைச்சரின் பதில் அடுத்த பக்கத்தில்:
அரசின் பரிசீலனையில் உள்ளது.
பதினொரு தடவை அதே வாக்கியம்.
எழுத்துப்பிழைகூட மாறவில்லை.

மண் சரிந்த அந்த நவம்பரில்
ஓசஹட்டிக்குச் சாலையும் இல்லை, போனும் இல்லை.
போலீஸ் ஜீப்பின் வயர்லெஸ்ஸை வாங்கிக்கொண்டு
ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்.
ஒவ்வொரு ஓவருக்குப் பிறகும் இரைச்சல்.
நாலரை மணிக்கு,
அங்கே சிக்கிய காவலரின் செட்டிலிருந்து:
"பதினாலு பேர் ஸ்கூல்ல இருக்கோம்.
பால்பவுடர் வேணும். ஓவர்."
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார், பால்பவுடர்.
மழை அதை அழிக்க அழிக்க
மறுபடி எழுதினார்.

அந்தச் சாலையைப் போட்டது அவர் மச்சான்.
முதல் மழைக்கே ஜல்லி கிளம்பியிருந்தது.
கையெழுத்து இவருடையது.
முத்திரை நான் குத்தியது.
அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

ஓசஹட்டி பூத்தில் நானூறு ஓட்டு.
அவருக்கு முப்பத்தொன்று.
எண்ணிக்கைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"பதில் வந்துடுச்சு" என்றார்,
வேறொன்றும் சொல்லாமல்
ஜன்னலைச் சாத்தினார்.

இப்போது பெட்டியைத் தூக்கிப் படியிறங்குகிறார்.
"குறிப்பேட்டை எடைக்குப் போடட்டுமா?"
நின்றார்.
"கிலோ என்ன விலைக்கு எடுக்கறான்?"

பதிமூன்று என்றேன்.