இறக்கத்தில் மட்டும்

சேலம் பிடிக்காத கார் என்று
அலுவலகத்தில் பேர் வைத்துவிட்டார்கள்.

தர்மபுரியிலிருந்து தெற்கே கிளம்பினால்
பாளையம் சுங்கச்சாவடி வரை ஒழுங்கு.
நான்காவது கியர். குமிழின் தலையில் சின்ன சுவிட்ச்.
பெருவிரலால் தட்டினால்
மூவாயிரத்து ஐந்நூறில் கத்திக்கொண்டிருந்த எஞ்சின்
இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இறங்கி
மூச்சு விடும்.
தொப்பூர் இறக்கம் தொடங்கியதும்
யாரும் தொடாமலே
ஓவர்டிரைவ் கழன்றுகொள்ளும்.
முள் துள்ளும். எஞ்சின் மறுபடி கத்தும்.
பின்னால் வரும் சிமெண்ட் லாரி
ஹாரனில் என் வம்சத்தை விசாரிக்கும்.

திரும்பி வரும்போது, ஏற்றத்தில்,
ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும்.

எழுபத்திரண்டில் செய்த வண்டி. இரண்டே இருக்கை.
பி.எஃப். கடனில் ஓசூரில் வாங்கினேன்,
"பொம்பளைக்கு எதுக்கு இது" என்பதையும் சேர்த்து.
பட்டுக்கூடு அங்காடியில் தரம் பிரிப்பது என் வேலை.
கூட்டைக் காதருகே குலுக்கினால்
உள்ளே புழு முழுசா, கரைந்ததா, சொல்லிவிடுவேன்.
இதைக் குலுக்க முடியவில்லை.

முனிரத்தினம் ஆட்டோ எலக்ட்ரிக்கல், நான்கு ரோடு.
"கரண்ட்தாம்மா" என்றான்,
பானெட்டைத் திறப்பதற்கு முன்பே.
எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி,
நான்காவதில் தள்ளி, சுவிட்சைத் தட்டச் சொன்னான்.
அடியில் எங்கோ ஒரு டக்.
"சோலினாய்டு நல்லா இருக்கு. அப்ப ரிலே."
ரிலே மாற்றினான். இறக்கத்தில் கழன்றது.
"அப்ப எர்த்."
சேஸைச் சுரண்டிப் புது ஒயர் முடுக்கினான்.
கழன்றது.
கியர் மூடியின் மேல் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு,
மூன்றுக்கும் நான்குக்கும் மட்டும் கதவு திறக்கும் வாட்ச்மேன்.
அதன் அடியில் வாஷர் ஒன்று குறைத்தான்,
பிறகு ஒன்று கூட்டினான்.
கழன்றது.
கடைசியில் கணவாய் ஆஞ்சநேயரைப் பார்க்கச் சொன்னான்.
பார்த்தேன். நான்கு டயருக்கும் எலுமிச்சை.
கழன்றது.

பக்கத்து மேசை வசந்தமாலினி சொன்னாள்:
"எத்தனை லாரியைத் தின்ன இறக்கம் அது.
வேகம் வேணாம்னு வண்டிக்கே தெரியுது.
விட்டுடேன்."
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் பாலக்கோடு தாண்டி
ஒரு மொபெட்கூட வராத சின்னச் சரிவிலும்
அது கழன்றதே.
ஞானம் என்றால் இடம் பார்த்து வர வேண்டாமா?

வைகாசியில் ஒரு புதன்கிழமை.
பக்கத்து சீட்டில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்,
மூடி முன்னால் பார்க்கப் படுத்திருந்தது.
முதல் சரிவில் தண்ணீர் மொத்தமும்
மூடிப் பக்கம் ஓடிச் சேர்ந்தது.
பாட்டிலின் அடியில் வெறும் காற்று.
முள் துள்ளியது.

ஓவர்டிரைவ் இருப்பது கியர்பாக்ஸின் வாலில்.
அதன் பம்ப் எண்ணெய் உறிஞ்சுவதும் அங்கேதான்.

இரட்டைப் பாலம் தாண்டி ஓரங்கட்டினேன்.
பாட்டிலைக் கையில் எடுத்து
இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தேன்.
டீக்கடைக்காரர் தண்ணி வேணுமா என்றார்.

இரவு, ஜாக்கி, நான்கு மரக்கட்டை.
பக்கவாட்டு மூடியைக் கழற்றினால்
எண்ணெய் வழிய வேண்டும்.
ஒரு சொட்டு இல்லை.
சுண்டுவிரலை இரண்டாம் கணு வரை விட்டேன்.
காய்ந்தே திரும்பியது.
முக்கால் லிட்டர் வாங்கிக்கொண்டது.

பிறகுதான் சாக்கு நினைவுக்கு வந்தது.
போர்ட்டிகோவில், வண்டியின் நடுமுதுகுக்கு நேர் கீழே,
கறை தெரியாமலிருக்க நானே விரித்த சாக்கு.
ஞாயிறுதோறும் சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்து
மறுபடி அதையே விரித்தேன்,
இரண்டு மாதம்.

சீல் பெங்களூரிலிருந்து வந்தது.
முனிரத்தினம் ரிலேவுக்குப் பணம் திருப்பித் தரவில்லை.
"அதுவும் போறாப்லதாம்மா இருந்துச்சு."

அடுத்த புதன். இறக்கம்.
முள் அசையவில்லை.
இரண்டாயிரத்து எண்ணூறு, அப்படியே.
வண்டி வழுக்கிக்கொண்டு போனது, சத்தமில்லாமல்,
நான் கேட்டதைவிட வேகமாக.
முன்னால் நியூட்ரலில் ஒரு லாரி,
பிரேக் கருகும் வாடை.
பெருவிரல் தானாகப் போயிற்று குமிழுக்கு.
நானே கழற்றினேன்.