முகம் குடுத்தல்

அறுநூற்றுப் பதினேழாம் அத்தியாயம்
இரவு பதினொன்றரைக்கு வரும்.
எழுதுகிறவருக்குச் சீனத்தில் அப்போது சாமம் இரண்டு மணி.
அவர் எப்போது நித்திரை கொள்வாரோ தெரியாது.
உரும்பிராயில் நாய்களும் ஓய்ந்திருக்கும்.

போர்வைக்குள் போனைப் பிடித்து
தமிழாக்கு என்ற பொத்தானை அமத்துகிறேன்.
இயந்திரம் தன் பாட்டுக்குச் சொல்லும்:
'அவள் நிறைய வினிகர் குடித்தாள்.'
முதல் நூறு அத்தியாயமும் நான் நினைத்தது
அந்தப் பெட்டைக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று.
பிறகுதான் பிடிபட்டது,
அவன் வேறொருத்தியோடு சிரிக்கிற இடங்களில் மட்டும்
வினாகிரிப் போத்தல் திறபடுகிறது.

அவன் குடையை அவளிடம் குடுத்துவிட்டு
மழையில் நனைந்து போன இருநூற்றுப் பத்தில்
நான் அழவில்லை.
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
வந்து, திரும்பவும் முதலில் இருந்து வாசித்தேன்.
அவ்வளவுதான்.

இன்றைக்கு மாமி வருகிறா.
அறுநூறு அத்தியாயமாய் லின் யுவேயை
ஒரு மேசையில் இருந்து சாப்பிட விடாத திருமதி ஷென்
ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நிற்கிறா,
கையில் மூடி போட்ட கோப்பை.
மன்னிப்பு என்ற சொல் ஒரு வரியிலும் இல்லை.
'நீ அரிசி தின்றாயா' என்று கேட்கிறா.
இயந்திரத்துக்கு அது அரிசி.
எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த வரி:
'தாதிகள் எல்லோர் முன்னிலும்
அவள் மருமகளுக்கு முகம் கொடுத்தாள்.'
இதில் மட்டும் இயந்திரம் பிழைவிடவில்லை.

இவர் அரைக் கண்ணைத் திறந்தார்.
"என்னப்பா, ஆரும் செத்தவையோ?"
"இல்லை. சாப்பிட்டவை."
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்த நேரம்தான்
தகர வேலிக்கு அங்காலை
மூக்குச் சீறுகிற சத்தம்.

வதனி மச்சாள்.
அவவின் யன்னலில் தெரிகிற நீல வெளிச்சம்
கனடாவோடு கதைக்கிறது என்றல்லோ
இவ்வளவு காலமும் நினைத்தேன்.
ஆறு வருசம், முகம் குடுத்துக் கதைக்காமல்.
ஒரு கதியால், ஒரு முழம்.
அரக்கினது நாங்களோ அவர்களோ என்று
இரண்டு சேவையர்மார் இரண்டு விதமாய் அளந்தார்கள்.
இப்போது அதில் தகரம்.
கிணறு பங்கு; நடுவில் தகரம் அடிக்க ஏலாது.
மோட்டர் பழுது. திருத்துகிற காசு ஆருடையது என்பது
இன்னொரு வழக்கு.
அதனால் கயிறும் வாளியும்.

விடியக் கிணற்றடியில்
அவவின் கண் வீங்கியிருந்தது. என்னுடையதும்.
வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:
"கிழவி கடைசியாய் ஒரு கோப்பை கொண்டு வந்தா, என்ன."
வாளியிடம்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கனநேரம் கயிறு சொட்டியது.
"அறுநூறு அத்தியாயம் வதைச்சுப்போட்டு
ஒரு கோப்பை சூப்போ?
நானெண்டால் அவவின்ரை தலையிலை ஊத்தியிருப்பன்."
"பின்னை ஏன் அழுதனீர்?"

நீர் என்று வந்துவிட்டது.
முந்தி நீ. வேலிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.
இயந்திரத்திடம் எல்லாருக்கும் ஒரே நீதான்,
பாவம், அது ஒருதரோடும் கோவிக்கவில்லை.

மச்சாள் நிறைந்த வாளியைத் தூக்கினா,
பிறகு கீழே வைத்தா.
"அந்தப் பெட்டை குடிச்சிட்டாளே," என்றா.
"சூடும் பார்க்காமல்."

மோட்டரைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவவும்.
கதியாலைப் பற்றி எங்கே.

இரவு பதினொன்றரை. அறுநூற்றுப் பதினெட்டு.
டேட்டா முடிகிற கட்டம்,
பக்கம் வராமல் வட்டம் சுற்றுகிறது.
அங்காலை மூக்குச் சத்தம் தொடங்கிவிட்டது.

கொஞ்சத்தால், தகரத்தில் விரலால் இரண்டு தட்டு.
"முடிச்சிட்டீரோ?"

"இல்லை. சுத்திக்கொண்டு நிக்குது.
சொல்லிப்போடாதையும்."

"சொல்லேல்லை.
லேஞ்சி ஒண்டு எடுத்து வையும்."