ஒன்று முதல் ஐந்து வரை

படிவம் ஒரு பக்கம்தான்.
பேனாவை நூலில் கட்டி வைத்திருந்தார்கள்.
மடியில் எபினேசர், நூல் எட்டவில்லை.
வீட்டில் எழுதித் தருகிறேன் என்று மடித்துக்கொண்டு வந்தேன்.

இரவு பதினொன்று.
காசிமேட்டில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி
வந்து போய்விட்டது.
முதல் கேள்வி: குழந்தைக்கு என்ன பிரச்சினை?

பிறந்த பதினெட்டாம் நாள் பார்த்தேன்.
தலை வலப்பக்கமே சாய்ந்திருந்தது,
யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்பவன் மாதிரி.
இடது மார்பில் வாய் வைக்க மாட்டான்.
அந்தப் பக்கம் கல்லாகி, காய்ச்சல் கண்டு,
பீய்ச்சிப் பீய்ச்சி சாக்கடையில் ஊற்றினேன்.
அங்கே ஒன்றரை வரிதான் இடம்.
'கழுத்து' என்று எழுதினேன்.

எதிர்வீட்டு மல்லேஸ்வரி "உரம் விழுந்துக்குது" என்றாள்.
புடவையின் இரு முனையையும் இரண்டு பேர் பிடிக்க
என் பிள்ளை அதில் உருண்டான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஸ்டான்லியில் படம் எடுத்தார்கள்.
எலும்பில் ஒன்றுமில்லை, தசை இறுக்கம்,
இப்படித் திருப்பி இப்படிப் பிடியுங்கள் என்றார் டாக்டர்.
எனக்குப் பின்னால் நாற்பது பேர்.

எம்.சி. ரோட்டில் நைட்டிக் கடைக்கு மேலே
'ஆஸ்டியோபதி' என்றொரு பலகை.
மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அற்புதராஜ் சொன்னார்:
"ஆஸ்பத்திரியத்தான் தப்பா எழுதிகீறாங்க."

தஸ்லீமா மண்டைக்குக் கீழே இரண்டு விரல் வைத்தாள்.
அவ்வளவுதான்.
சொடுக்கு இல்லை, எண்ணெய் இல்லை.
கீழே கடைப்பையன் "நூத்தம்பதுக்கு ரெண்டு" என்று கத்திக்கொண்டிருந்தான்.
இருபது நிமிஷம்.
"சும்மா வெச்சிக்கினு கீறாங்க, இதுக்கு அறுநூறா?"
என் காதில் சொன்னதாக இவர் நினைப்பு.
"உங்க கையக் குடுங்கண்ணா" என்றாள் அவள்.

ஐஸ் உடைக்கிற கை அது.
விடியற்காலை இரண்டு மணிக்கு
பாளம் பாளமாகத் தூக்கி மெஷினில் போடுகிற கை.
என்னைத் தொடும்போதும் அளவு தெரியாது.
அதைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு
"அஞ்சு ரூபா காசோட கனம். அதுக்கு மேல வேணாம்" என்றாள்.
அன்றிரவு இவர்
புறங்கையில் காசை வைத்தும் எடுத்தும்
நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும்
டீ கிளாஸைச் சுற்றிக் கையைச் சூடாக்கிக்கொள்வார்.
டீயைக் குடிப்பதில்லை.
பிள்ளையின் பிடரிக்குக் கீழே கையை வைத்து
அசையாமல் இருப்பார், மீன் நாற்றம் கழுவியும் போகாமல்.
நான் ஆறிய டீயைக் குடிப்பேன்.

ஐந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை,
எண்ணூர் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று
ஜன்னல் அதிர ஹாரன் அடித்தது.
இடப்பக்கம் திரும்பினான்.
முழுதாக இல்லை,
கடிகாரத்தில் பெரிய முள் பத்து நிமிஷம் நகர்ந்த அளவு.
அன்று சாயங்காலம் இடது பக்கம் குடித்தான்.
வலியில் அழுகிறேன் என்று இவர் நினைத்தார்.
பாதி அதுதான்.

நான்காம் கேள்வி: குணம் எங்கள் சிகிச்சையாலா?
தானாகவும் ஆகியிருக்கலாம்.
ஸ்டான்லிப் பயிற்சியை நான் ஒருநாளும் விட்டதில்லை.
மல்லேஸ்வரியைக் கேட்டால்
இன்றைக்கும் தன் புடவையைத்தான் காட்டுவாள்.
தஸ்லீமாவிடமே கேட்டேன்.
"எனக்கும் முழுசா தெரியாதுங்க" என்றாள்.
அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
அப்படிச் சொன்ன ஆளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.
இந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

கடைசி: உங்கள் திருப்தி, ஒன்று முதல் ஐந்து வரை.

இவர் தூங்குகிறார். இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டும்.
கை தூக்கத்திலும் பிடரிக்கடியில் கிடக்கிறது,
எபி அதன்மேல் தலையை
இஷ்டத்துக்கு உருட்டிக்கொண்டிருக்கிறான்.
இவன் எப்போது தூங்குவான் என்று
யாரும் கேட்கவில்லை.

ஐந்து போட்டேன்.
அப்புறம் அந்த மாடிப்படி ஞாபகம் வந்தது.
ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் படி,
ஒரு கையில் பிள்ளை, மறு கையில் செருப்பு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.
அடித்துவிட்டு நான்கு போட்டேன்.
பின்பக்கம் திருப்பி எழுதினேன்:
முதலில் படிக்கு ஒரு கைப்பிடி வையுங்கள்.