கழுத்து வரை

குலசேகரம் பங்கில் பையன் நாசிலை எடுக்கப் போனான்.
இன்னும் ஊற்று, கழுத்து வரை ஊற்று என்றேன்.
நுரை அடங்கட்டும் என்று
இறங்கி நின்று வண்டியைப் பிடித்து ஆட்டினேன்.
பின்னால் நின்ற டெம்போக்காரன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.
நிரம்பிய இடத்திலிருந்து நிரம்பிய இடத்துக்கு:
கணக்கை வேறு எங்கே தொடங்குவது?

இருபத்தாறு வயசு டீசல் ஜீப்.
சேறு கண்டால் நாலு சக்கரமும் இழுக்கும்.
பின்னால் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும்,
முன்னால் நானும் ஆசிட் கேனும்.
லிட்டருக்குப் பதினொன்று கொடுத்து வந்தது
இரண்டு வருஷமாக ஒன்பதில் நிற்கிறது.
பொன்மனை ஏற்றத்தில் அது விடும் புகைக்குள்
மடத்துச் சிஸ்டரின் ஸ்கூட்டர்
வெள்ளையாக நுழைந்து
எப்போது வெளியே வரும் என்று தெரியாது.

மார்த்தாண்டத்தில் டைட்டஸ் பானட்டைத் தூக்கினான்.
"பம்பைக் கழற்றி பெஞ்சுல ஏத்தணும்,
நாலு நாசிலும் மாத்தணும்,
டைமிங் பிடிச்சு டாப்பெட் வச்சு விட்டா
பன்னிரண்டு கிட்டும் ஜெசிந்தாக்கா, எனக்க வாக்கு."
"கிட்டலன்னா?"
"கிட்டும்."
அவன் நெற்றியில் கிரீஸ்,
சாம்பல் புதனன்று சாமியார் இட்டதுபோல.
ஆறாயிரத்து எண்ணூறு எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் அதிகாலை ஒரே சாவியில் பிடித்தது.
தட்டல் சத்தம் இல்லை.
இரண்டாவது கியர் கேட்கும் வளைவில்
மூன்றாவதே போதும் என்றது.
நோட்டில் எழுதினேன்.
முதல் டேங்க், ஒன்பது புள்ளி எட்டு.
இரண்டாவது, ஒன்பது புள்ளி இரண்டு.
மூன்றாவது, எட்டு புள்ளி ஒன்பது.
அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினேன்.

பம்பைத் திட்டி முடித்த பிறகுதான்
என் வலது காலைப் பார்த்தேன்.
இழுவை கிடைத்ததிலிருந்து
பஸ்ஸை முந்துகிறேன், மீன்வண்டியை முந்துகிறேன்,
ஷீட் எடுப்பவர் கடை திறக்க
அரை மணி நேரம் முன்னால் போய்
ஷட்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
நாலாவது டேங்குக்குச் செருப்பைக் கழற்றிவிட்டேன்.
வெறுங்காலுக்கு ஆக்ஸிலேட்டர் சூடாக இருந்தது.
ஒன்பது புள்ளி ஏழு.

பிறகு வள்ளியூரில் ஒரு சாவு.
ஆரல்வாய்மொழி தாண்டி நேர்ச்சாலை,
எதிர்காற்று கதவைப் பிடித்து உலுக்கியது.
அழுவதற்கு இன்னும் நேரமிருந்ததால்
கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டு போனேன்.
பத்துக் கல் கடந்திருந்தோம்.
மீட்டர் ஒன்பது புள்ளி ஒன்று என்றது.
திரும்பி வரும்போதும் அதே பதில்.

இரண்டு வருஷம் முன்னால்
தோட்டத்துச் சேற்றுக்காகப் பெரிய டயர் போட்டேன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கொஞ்சம் கூடுதலாகப் போகிறது,
அதை மீட்டரிடம் யாரும் சொல்லவில்லை.
பதினொன்றிலிருந்து ஒன்பது என்று நான் நொந்த இரண்டில்
ஒன்று தொலையவே இல்லை.
ரோட்டில்தான் கிடந்தது, எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

எல்லாம் திருத்திப் போட்டால்
டைட்டஸ் தந்தது லிட்டருக்கு முக்கால் கிலோமீட்டர்.
நான் எரிக்கும் டீசலுக்கு
அவன் கூலி திரும்ப வர பத்துப் பதினோரு மாதம்,
அதற்குள் கிளட்ச் போகாமல் இருந்தால்.
அந்த முக்காலும் பம்பினுடையதா பாதத்தினுடையதா?
பழைய பம்பு இருந்தபோது
ஒருநாளும் நான் செருப்பைக் கழற்றியதில்லை.
இனி அதைச் சோதிக்க வழியில்லை.

"பன்னிரண்டு கிட்டிச்சான்னு யாராவது கேட்டா
உள்ளதச் சொல்லுங்கக்கா" என்றான், முகம் பாராமல்.
"புகை நின்னுபோச்சுன்னு சொல்லுவேன்,
அதுல பொய் இல்ல."

நேற்று பொன்மனை ஏற்றத்தில்
கண்ணாடிக்குள் அந்த வெள்ளை அங்கி முழுசாகத் தெரிந்தது.
ஹாரன் அடித்து, கையசைத்து,
சிஸ்டர் என்னை முந்திப் போனார்.
கால் துடித்தது.
போகட்டும் என்று விட்டேன்.