இடங்கால், வலங்கால்

தண்ணிக்குள்தான் சோடாவைப் போட வேணும்.
சோடாவுக்குள் தண்ணியை ஊற்றினால் சீறும்.
இதைக் குசினிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்
கனகேந்திரன், தான் மறந்துபோன நாளின் திகதியோடு.
மணிக்கட்டிலும் அந்தத் திகதி இருக்கிறது.

கிணற்றடி முருங்கைக்குக் கீழே எங்கள் தொழிற்சாலை:
நீல வாளி, நீட்டு அகப்பை,
பட்டறி இறங்கினால் பொய் சொல்லும் தராசு.
அக்கரைப்பற்று மில்லில் வாங்கின காறல் எண்ணெய்
பதினைந்து லீற்றர், பஸ்ஸில் மடியில் வந்தது.
காறினதென்பதால் பாதி விலை.
உடுப்புக்கு அந்த மணம் தெரியாது.
கொண்டக்டருக்குத் தெரியும்.

கிண்டக் கிண்டக் கை ஓயும்.
கூழ்ப்பதம் வந்தால் அகப்பை போன தடம் அழியாமல் நிற்கும்;
நிற்காவிட்டால் இன்னும் நூறு சுற்று.
தம்பிலுவிலில் அந்த நேரம் பார்த்துத்தான்
யாராவது சீட்டுக் காசு கேட்டு வருவார்கள்.
"இரிங்க, வாறன்" என்று சொல்லலாம்.
கையை எடுக்க ஏலாது.

ஊற்றி, சாக்கால் மூடி, மற்ற நாள் கம்பியால் அறுத்து
ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன்.
பட்டறியை நக்கினது போல் சுண்டினால்
சோடாவுக்கு இன்னும் பசி அடங்கவில்லை.
பேசாமல் பலகையில் அடுக்கி வைக்க வேணும்.
மனிசரிலும் அப்பிடிச் சிலர்,
மூன்று கிழமை தள்ளி வைத்தால் நல்லவர்கள்.

பெயர் வைத்தது நான். பவளம்.
வெள்ளைச் சவுக்காரத்துக்கு ஏன் பவளம் என்றான் ருக்சன்.
நாலு எழுத்து, செருப்புக்குள் அடங்கும் என்றேன்.
தகப்பனின் பழைய பாட்டாவில், இடங்காலில்,
பிளேட்டால் வெட்டினான், வடிவாக,
வாசிக்கக்கூடிய மாதிரி.

அதுதான் பிழை.

கரண்ட் போன இரவு. ஒருவர் அழுத்த ஒருவர் அடுக்க
விடியத்தான் பார்த்தோம்,
எழுத்தெல்லாம் கிறுகி நிற்கிறது.
ம் முன்னுக்கு.
ள முகத்தைத் திருப்பிக்கொண்டு.
வ எங்கோ போகப் புறப்பட்டது போல.
ப மட்டும், கடைசியில் ஒதுங்கியிருந்தாலும்,
எந்தப் பக்கம் பார்த்தாலும் ப.
இருநூற்றுப் பன்னிரண்டு கட்டி.

ஆதம்லெவ்வைக் காக்கா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
மறுகா போட்டுப் பார்த்தார்.
"என்ன புள்ள, எங்கட ஓதலப் போல
வலப்பக்கத்தால தொடங்கியிரிக்கீங்க?"
சிரித்துச் சிரித்து ஐம்பது எடுத்தார்,
கட்டிக்குப் பத்து ரூபா குறைத்து.

அம்பாறையில் கடைக்காரி மணந்து பார்த்தாள், நிறுத்துப் பார்த்தாள்,
எழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
எப்படிக் கிறுகினாலும் அவளுக்கு அது தமிழ்.
திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்தேன்.
இறக்காமம் தாண்டச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த முறை வலங்காலில் வெட்டினான் ருக்சன்,
கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு.
பவளம். நேராக, குத்தோடு.
அம்பாறைக்காரி கட்டியைத் தள்ளிவிட்டாள்.
இது வேற சாமான், முந்தினதைத்தான் ஆக்கள் கேட்கிறார்கள்
என்று சிங்களத்தில் சொல்லி,
எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து
மேசைத் தூசியில் விரலால் எழுதியும் காட்டினாள்:
கிறுகின ம், கிறுகின ள, கிறுகின வ, ப.
ஒரு கோடு பிசகவில்லை.

ஆகவே இரண்டு செருப்பும் இப்போது வேலையில்.
வலங்கால் அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும்,
இடங்கால் அம்பாறைக்கு.
கனகேந்திரன் வெறுங்காலோடு நிற்கிறார்,
சோடா சிந்தின இடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்.
புதுச் செருப்பு மாசிக்குப் பிறகு என்றிருக்கிறேன்.

இன்றைக்கும் கரண்ட் இல்லை.
"அம்மா, இது எந்தக் கால்?" என்கிறான் ருக்சன்.
வாங்கித் தடவிப் பார்த்தேன்.
விரலுக்குப் பிடிபட்டது ப மட்டும்.