காட்டைக் கழித்தல்

விண்ணிலிருந்து அளந்த ரேடாருக்கு
மர உச்சிதான் தரை.
அதன் கணக்கில் எங்கள் புட்டுமாயோ
முப்பது மீட்டர் பள்ளத்தில் ஓடுகிறது,
இரு கரையும் செங்குத்துச் சுவர்.
முதல்நாள் பறக்கவிட்ட மிதவை விமானம்
இல்லாத மலையில் மோதி எரிந்தது.

ஆகவே காட்டைக் கழிக்கிறேன்.
சதுரத்துக்கு முப்பது,
மேட்டு நிலத்தில் முப்பத்தைந்து,
பனை நிற்கும் சதுப்பில் பன்னிரண்டு.
கழித்தால்தான் நட முடியும்.
நட்டபின் பழைய உயரத்துக்கே வந்துவிடும்,
என்ன, இப்போது அடியில் மண் இருக்கும்.

சில இடங்களில் ஏற்கெனவே குழி.
ரேடார் கடந்த அன்று அங்கே மரமில்லை.
மாடு மேய்ந்த நிலம்,
இலை பயிரிட்ட நிலம்
(யாருடையது என்று
எங்கள் ஊரில் கேட்கும் வழக்கமில்லை).
அங்கேயும் முப்பதைக் கழித்தால் பாதாளம்.
ஒவ்வொன்றாகத் தேடி
விட்டுவிடுகிறேன்.

பகலில் லெகிசாமோ படகுத்துறையில்
சரக்குச்சீட்டு எழுதுபவள் நான்.
சிமெண்ட், முட்டை, கூரைத் தகடு,
நேற்று ஒரு குளிர்பெட்டி, ஒரு சவப்பெட்டி,
இரண்டுக்கும் ஒரே கட்டணம்.
இரவில், மின்சாரம் இருக்கும்வரை, ஆறு.

எந்த வருடத்து ஆறு?
தொண்ணூறு வருடம் முன்பு
இரண்டு நாடுகள் இதன்மேல் விமானம் விட்டுச் சுட்டுக்கொண்டன.
அந்தச் சண்டைக்குத்தான் வரைபடம்.
அன்றைய வளைவு இன்று வெட்டுண்ட ஏரி,
அன்றைய கரையில் இன்று மீன் குடித்தனம்.
ராணுவத்தின் பழைய தாள் ஒன்று கிடைத்தது:
பீரங்கிப் படகு நின்ற இடம், விறகு ஏற்றிய இடம்,
கொசு அதிகம் என்று ஒரு குறிப்பு.
வடகரை நெடுக ஒரே சொல்:
ஆளில்லை.

எவாரிஸ்தோ தெத்தேயே அதைப் படித்தான்.
மிதவைப் பலகையில் டீசல் விற்கிறவன், என் வயதுதான்.
"இங்கே எங்கள் பெருவீடு" என்று ஆணியால் தொட்டான்.
"இங்கே ஒன்று. இங்கே மாமன் வகையில் ஒன்று."
திரையில் கீறல் விழுந்தது.

வைக்கலாம்.
ஆனால் இந்த மென்பொருளில்
எதை வைத்தாலும் இரண்டு கேள்வி:
எந்தப் பக்கம்? எத்தனை அடி தாங்கும்?
பீரங்கிப் படகு நானூறு தாங்கும்.
ஓலைக்கூரை பத்து.
நடுநிலை என்று ஒரு சாம்பல் நிறமும் உண்டு,
அதுவும் எரியும்.
வைக்காவிட்டால் ஆளில்லை,
வைத்தால் இலக்கு.

மூன்று இரவு எதுவும் செய்யவில்லை.
ஏரிக்கரைப் புல்லின் பச்சையைக்
கொஞ்சம் மாற்றினேன், திரும்ப மாற்றினேன்.

நான்காம் இரவு பட்டியலின் கடைசியில் பார்த்தேன்:
கற்களுக்கு எண் கேட்பதில்லை.
கல்லை எடுத்தேன்.
கூரையைத் தரைவரை இறக்கி, இரு வாசல் வைத்து,
புகை கசியும் முகட்டை வைத்து,
ஓலையின் தோலைப் போர்த்திச் சேமித்தேன்.
கோப்பில் அதன் பெயர் பாறை_07.

எவாரிஸ்தோ ஓட்டிப் பார்க்க வந்தான்.
தாழப் பறந்தான், நீரைத் தொடும் தாழ்வு.
பீரங்கிப் படகைப் பார்க்கவேயில்லை.
நேரே போய் அவன் பெருவீட்டையே சுட்டான்.
பொறி பறந்தது. கல்லின் சத்தம்.
வட்டமடித்து வந்து மறுபடி சுட்டான்,
மறுபடியும், குண்டு தீரும்வரை,
பல்லைக் கடித்துக்கொண்டு.
வீடு நின்றது.

அப்புறம்தான் மூச்சு விட்டான்.
"என் டீசல் மிதவை எங்கே?"
"இது முப்பத்து மூன்று. நீ பிறக்கவில்லை."
"அப்போ இவன் எங்கே எண்ணெய் போடுவான்?"
அதற்குள் முள் பூஜ்யத்தைத் தொட்டது.
இறக்கினான், நல்ல நீளமான நீர்ப்பரப்பில்.
மணல்திட்டில் ஏறிக் கவிழ்ந்தது.

"நீ காட்டிய திட்டுதானே?"
"அது ஜனவரித் திட்டு.
நீ ஊற்றி வைத்திருப்பது மே மாதத் தண்ணி."

அவன் போனபின்
ஆற்றை ஒன்றரை மீட்டர் இறக்கினேன்.
பதினோரு தீவுகள் எழுந்தன.
ஒன்றுக்கும் பெயரில்லை.
சேமிப்பதற்குள் மின்சாரம் போயிற்று.